ஏரியின் வரவு செலவு

சிக்லிட் என்ற பெயரைக் கேட்டிராதவர்களும் அந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பினரை நன்றாகவே அறிவார்கள். நம் ஏரிக்கரைகளிலும் மீன்சந்தைகளிலும் ஜிலேபி என்று அழைக்கப்படும் மீன்தான் அது. மொசாம்பிக் திலாப்பியா என்பது அதன் முறையான பெயர். 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு தமிழகத்தின் குளம் குட்டைகளையெல்லாம் தன் சொந்த ஊராக்கிக்கொண்டது. கேரள அரசு 2010ல் மாநில மீனாக அறிவித்த கரிமீனும் சிக்லிட்தான். அது வந்தேறி அல்ல, இந்த மண்ணுக்கே உரியது. மற்ற உறவினர்கள் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் தென்னமெரிக்காவிலும் பரவியிருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் பெருமை நிறத்தில் இல்லை, பிள்ளை வளர்ப்பில் இருக்கிறது. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுத் தம் வழியே போய்விடும். சிக்லிட்கள் போவதில்லை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸ், தன் மீன்தொட்டியில் கண்ட ஒரு தந்தை மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். வழிதவறிய குஞ்சுகளை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்த அந்த மீனின் வாயில் ஒரு சமயம் மண்புழுவும் இருந்தது, குஞ்சும் இருந்தது. ஒன்றை விழுங்கவேண்டும், மற்றதை விழுங்கக்கூடாது. மீன் அசையாமல் நின்றது. பிறகு இரண்டையும் கீழே துப்பியது. குஞ்சின்மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே புழுவைத் தின்று முடித்து, குஞ்சை மறுபடி வாயில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. ஒரு மீன் யோசிப்பதை மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்த்த தருணம் அது. சிக்லிட் வளர்ப்பவர்கள் அத்தனை பேரும் அப்படி ஒரு தருணத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் காத்திருப்புக்காக ஆறடி நீளமுள்ள ஒரு தொட்டியை வீட்டில் அமைப்பதற்கு இந்த ஓராண்டாகத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறேன். கணக்கு நோட்டு ஒன்று நிறைந்துவிட்டது. அதைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று கவனத்துக்கு வந்தது. நோட்டில் மீனைப் பற்றி எழுதியிருப்பது மிகக் குறைவு. எடை, குழாயின் விட்டம், மின்சாரம், வாளிகள் என்று மற்றவைதான் பக்கங்களை நிறைத்திருக்கின்றன. பெரிய மீன்தொட்டி வைப்பவர் வளர்ப்பது மீனை அல்ல, தண்ணீரை. இதைத் தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. என் நோட்டு கடைசியில் அங்கேதான் வந்து நின்றது.

*

சென்னையின் கொளத்தூர் அலங்கார மீன்களுக்குப் பேர்போன இடம். வீட்டு மாடிகளிலும் கொல்லைகளிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்த்து விற்கும் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. மலாவி ஏரி மீன்கள் வேண்டும் என்று அங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் மீனைக் காட்டவில்லை.

“சார், உங்க வீட்ல என்ன தண்ணி? போரா, மெட்ரோவா?” என்றார்.

“போர்தான். டி.டி.எஸ். தொள்ளாயிரம் காட்டுது.”

“அப்ப சரி. டிஸ்கஸ் பக்கம் மட்டும் போயிடாதீங்க.”

அந்த ஒரு வரியில் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டார் என்பது பிறகுதான் விளங்கியது. டிஸ்கஸ் அமேசானின் சிக்லிட். மென்மையான, அமிலத்தன்மை கொண்ட நீரில் பிறந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அதற்கு ஏற்றதாக்க ஆர்.ஓ. எந்திரத்தில் வடிக்கவேண்டும். வீட்டு ஆர்.ஓ. எந்திரங்களில் ஒரு லிட்டர் நல்ல நீர் கிடைக்க இரண்டு மூன்று லிட்டர் உப்புநீர் சாக்கடைக்குப் போவது சாதாரணம். 600 லிட்டர் தொட்டிக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் அழகு வேறு விதமாகத் தெரியும்.

மலாவி ஏரியின் கதை நேர்மாறானது. ஆப்பிரிக்காவின் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கில் சுமார் 570 கிலோமீட்டர் நீளத்துக்கு, 700 மீட்டர் ஆழம்வரை கிடக்கும் நீர் அது. காரத்தன்மை உடையது, பி.எச். 7.7 முதல் 8.6 வரை. மேல்நீரின் வெப்பநிலை 24 முதல் 29 டிகிரி. உலகில் வேறெந்த ஏரியிலும் இல்லாத அளவுக்கு மீனினங்கள் அங்கே உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிக்லிட்கள், அவற்றிலும் பெரும்பாலானவை அந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. உப்பின் அளவில் மட்டும் என் கிணறு ஏரியை மிஞ்சிவிடுகிறது. ஏரி நீரில் கரைந்திருப்பது லிட்டருக்கு சுமார் 200 மில்லிகிராம்தான். ஆனால் கொளத்தூரில் தலைமுறைகளாகப் பெருகிய மீன்கள் நம் கிணற்று நீருக்குப் பழகியவை. மழைநீரைக் கொஞ்சம் கலந்தால் இடைவெளி இன்னும் குறையும்.

மீனைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற நீரைத் தேடுவது ஒரு வழி. நீரைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. எங்கள் ஊரில் இரண்டாவதுதான் நியாயமானது.

*

தொட்டியின் அளவு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர். மேலே இடைவெளி விட்டு, பாறையும் மணலும் எடுத்துக்கொண்டதுபோக 600 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நீளம் ஆடம்பரத்துக்காக அல்ல. மலாவியின் பாறைவாழ் மீன்களை அங்கத்திய மக்கள் முபுனா என்பார்கள். அவை ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு பிறரைத் துரத்தும் சுபாவம் கொண்டவை. துரத்தப்படும் மீனுக்கு ஓடுவதற்கு இடமும் ஒளிவதற்குப் பாறையும் வேண்டும். மூன்றடித் தொட்டியில் துரத்தல் கொலையில் முடியும்.

12 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்தால் வெறும் தொட்டியே 120 கிலோ. தண்ணீர் 600, பாறையும் மணலும் 120, தாங்கி 70. ஆகமொத்தம் 900 கிலோவைத் தாண்டுகிறது. தொட்டி நிற்கப்போகும் பரப்பு ஒரு சதுரமீட்டரைவிடச் சற்று அதிகம். குடியிருப்புகளின் தளத்தை வடிவமைக்கும்போது இந்தியத் தரநிர்ணயம் சதுரமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ புழங்கு சுமையைத்தான் கணக்கில் கொள்கிறது. என் தொட்டி நிற்கும் இடத்தில் அதைப்போல் நான்கு மடங்கு இறங்கும். நாங்கள் இருப்பதோ முதல் மாடி. கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்து வரைபடத்தைக் காட்டினேன். கூடத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, “சார், ஸ்லாப் நடுவுல வேண்டவே வேண்டாம். இந்தச் சுவரை ஒட்டி வைங்க, நேர் கீழ பீம் போகுது” என்றார். மனைவி சோபாவுக்கு என்று ஒதுக்கியிருந்த இடம் அது. சோபா இடம் மாறியது. ஓர் ஏரிக்காக வீட்டில் நடந்த முதல் இடப்பெயர்ச்சி.

*

அடுத்து வடிகட்டி. அழுக்கை அகற்றும் எந்திரம் என்றுதான் பெயரைக் கேட்டதும் தோன்றும். மீன்தொட்டியின் வடிகட்டிக்கு அது சின்ன வேலை. மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, நாற்றம்கூட வராது. ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமே ஆபத்து. காரநீரில் அபாயம் கூடுதல். 27 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. பி.எச். 8.2க்குப் போனால் நூற்றில் 9 பங்கைத் தாண்டிவிடும். என் கிணற்று நீர் மலாவி மீனுக்குப் பொருந்துகிறது என்ற மகிழ்ச்சியோடு சேர்ந்து வரும் நிபந்தனை இது. வடிகட்டி ஒருநாளும் ஓயக்கூடாது.

அந்த நச்சை மாற்றுவது எந்திரமல்ல, பாக்டீரியா. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றி அதிலிருந்து உயிர்வாழும் நுண்ணுயிர்களை 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். ஒரு வகை முதல் பாதியைச் செய்யும், இன்னொரு வகை மறுபாதியைச் செய்யும் என்றுதான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடப்புத்தகங்கள் சொல்லின. இரண்டையும் தனியாகவே செய்து முடிக்கும் பாக்டீரியா உண்டு என்பது 2015ல்தான் தெரியவந்தது. வடிகட்டி என்பது இவர்களுக்குக் கட்டிக்கொடுக்கும் குடியிருப்பு. ஒட்டி வாழப் பரப்பு வேண்டும், மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும், உணவு தாங்கிய நீர் கடந்துபோய்க்கொண்டே இருக்கவேண்டும்.

கடைகளில் முதலில் காட்டுவது கேனிஸ்டர் என்ற மூடிய உருளை. ஓசையில்லை, கச்சிதமாகத் தாங்கிக்குள் அடங்கும். ஆனால் மின்சாரம் நின்றால் மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் ஆக்ஸிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். உள்ளே குடியிருப்பவர்கள் மடியத் தொடங்குவார்கள். மின்சாரம் திரும்பியதும் அந்தக் கெட்ட நீர் முழுவதும் தொட்டிக்குள் வந்து சேரும். இன்னொரு முறை சம்ப். சென்னைவாசிகளுக்கு சம்ப் என்றால் வாசலுக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. இதுவும் அதன் தம்பிதான். பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சிறிய தொட்டி. மேலிருந்து வழியும் நீர் குழாய் வழியே கீழே இறங்கி, துணிப்பை, ஸ்பாஞ்ச், பிறகு நீரோட்டத்தில் சுழன்றுகொண்டே இருக்கும் பிளாஸ்டிக் சக்கரங்கள் ஆகியவற்றைக் கடந்து, மோட்டாரால் மேலே ஏற்றப்படும். திறந்த நீர்ப்பரப்பு என்பதால் காற்று படும். துணிப்பையைத் தினமும் மாற்றலாம், அதற்காக எதையும் நிறுத்தவேண்டியதில்லை. நான் சம்ப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

மோட்டார் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மணிக்கு 6000 லிட்டர் என்பது நீரை உயரே ஏற்றாமல் அளந்தது. தாங்கி 75 சென்டிமீட்டர், தொட்டி 60 சென்டிமீட்டர். மொத்தம் 135 சென்டிமீட்டர் ஏற்றவேண்டும். குழாயின் வளைவுகள் வேறு. கடைசியில் 3600 லிட்டர் வந்தால் போதும், தொட்டி நீர் மணிக்கு ஆறுமுறை சுற்றிவிடும். நேர்மின்சாரத்தில் ஓடும் 50 வாட் மோட்டார் அதைச் செய்யும். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட்.

சம்ப்பின் உண்மையான சோதனை அது ஓடும்போது அல்ல, நிற்கும்போது. ஆறுக்கு இரண்டு அடி பரப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 11 லிட்டர். மின்சாரம் போனதும் மேல்தொட்டியின் நீர் வழிவாயின் மட்டம்வரை கீழே இறங்கும். மூன்று சென்டிமீட்டர் என்றால் 33 லிட்டர். அதை ஏந்திக்கொள்ள சம்ப்பில் இடம் விட்டுவைக்க வேண்டும். மோட்டாரிலிருந்து மேலே செல்லும் குழாயின் வாய் நீருக்குள் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அது பின்னோக்கி உறிஞ்சத் தொடங்கி 165 லிட்டரை இறக்கிவிடும். என் சம்ப்பில் காலியிடம் 70 லிட்டர்தான். மிச்சம் கூடத்தில் ஓடும், கீழ்வீட்டுக் கூரையிலும் சொட்டும். இதற்குத் தீர்வாக விலையுயர்ந்த வால்வுகள் விற்கிறார்கள். ஒரு நத்தைக்குஞ்சு நுழைந்தால் போதும், வால்வு மூடாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போட்டுவிட்டால், மட்டம் இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். நோட்டில் நான் இரண்டு முறை அடிக்கோடிட்ட வரி இந்தத் துளையைப் பற்றியது. மாதம் ஒருமுறை ஊசியால் குத்தி அடைப்பு எடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

*

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து புறநகர்ப் பகுதிகள் பல நாட்கள் இருளில் கிடந்தன. நண்பர் ஒருவர் பத்தாண்டுகளாக வளர்த்துவந்த தொட்டியின் முன் ஒரு குவளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார், மறுபடி மொள்வார். அவரும் மகனும் முறைவைத்து இரண்டு இரவுகள் அப்படி ஊற்றினார்கள். மூன்றாம் நாள் அதிகாலை இருவரும் கண்ணயர்ந்துவிட்டார்கள். பெரிய மீன்கள்தான் முதலில் போயின என்றார். உடல் பெரிதென்றால் தேவையும் பெரிது.

காரணம் எளிது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர் நீர் இயல்பிலேயே மூச்சு குறைந்தது. குளிர்நாடுகளில் வரையப்படும் மீன்தொட்டித் திட்டங்களில் முதலில் எழுதுவது ஹீட்டர். என் நோட்டில் முதலில் எழுதியது காற்று. 10 வாட் ஏர் பம்ப் இரண்டு, அவற்றோடு இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒவ்வொன்றும் ஒரு முழங்கை நீளம். விலை மலிவு, பார்க்க அழகில்லை, குமிழிச் சத்தம் வேறு. கொளத்தூரின் தொட்டிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது இந்த வகைதான். இவை இன்வெர்ட்டரோடு இணையும். 150 ஆம்ப்-மணி பேட்டரி, அதன் சக்தியில் பாதிக்குச் சற்று மேலே பயன்படுத்தினாலும், இந்த 20 வாட்டை இரண்டு நாள் தாங்கும் என்கிறது கணக்கு. பெரிய மோட்டாரை அதில் இணைக்கவில்லை. நெருக்கடியில் நீர் தெளிவாக இருக்கவேண்டியதில்லை, மீன் மூச்சுவிட்டால் போதும்.

மலாவி மீன்களில் பெரும்பாலானவற்றில் தாய் முட்டைகளை வாயில் வைத்தே அடைகாக்கிறாள். மூன்று வாரங்கள்போல உணவில்லாமல், குஞ்சுகள் தாமே நீந்தும்வரை வாயைத் திறக்காமல் இருக்கிறாள். மூச்சுக்கே போராடும் ஓர் இரவில் அவள் என்ன செய்வாள் என்பதை அந்த நண்பரிடம் கேட்டேன். துப்பிவிடுவாள் என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

*

இதுவரை எழுதியதெல்லாம் பணத்தால் தீரும் விஷயங்கள். பணத்தால் தீராத ஒன்று மிச்சம் இருந்தது.

வடிகட்டி அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு நச்சல்ல. ஆனால் அது எங்கும் போவதில்லை, தொட்டியிலேயே தேங்குகிறது. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முபுனாக்களின் சண்டையைக் குறைக்க நெருக்கமாக வைப்பதுதான் வழக்கமான உத்தி. யாரும் யாரையும் குறிவைத்துத் துரத்த முடியாது. இந்த அளவுத் தொட்டிக்கு 40 மீன் என்பார்கள். வளர்ந்த 40 மீனுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் உணவு. அதில் 40 விழுக்காடு புரதம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். அதில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நீருக்குத் திரும்பிவிடுகிறது என்று கொண்டால், தினமும் 2 கிராம் நைட்ரேட். 600 லிட்டரில் அது வாரத்துக்கு லிட்டருக்கு 23 மில்லிகிராம் ஏறும். வாரம் நான்கில் ஒரு பங்கு நீரை, அதாவது 150 லிட்டரை மாற்றினாலும் அளவு மெல்ல ஏறி 90க்குப் பக்கத்தில்தான் நிலைகொள்ளும். 40க்குள் நிறுத்தவேண்டும் என்பது வளர்ப்பவர்களின் பொதுவான எல்லை. அதற்கு வாரம் 350 லிட்டர் மாற்றவேண்டும். வடிகட்டியை இரட்டிப்பாக்கினாலும் இந்த எண் ஒரு லிட்டர்கூடக் குறையாது. வடிகட்டி எதையும் வெளியேற்றுவதில்லை. வெளியேற்றுவது வாளி மட்டுமே.

இந்தக் கணக்கை இரவுச் சாப்பாட்டின்போது உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

“வாரத்துக்கு எவ்வளவுடா தண்ணி?”

“கம்மியா வெச்சாலே நூத்தம்பது லிட்டர்மா.”

“அப்ப பத்து கொடம்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

2019 கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு காற்றைத்தான் இறைத்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டுபோயின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கம் வந்தது. அம்மா அந்த மாதங்களில் நாட்காட்டியில் தேதிக்கு நேராகக் குடங்களின் எண்ணிக்கையைக் குறித்துவைப்பாள். ஆறு, எட்டு, நான்கு, லாரி வரவில்லை என்றால் ஒரு கோடு. அந்த நாட்காட்டியை இன்னும் எறியவில்லை. அவளைப் பொறுத்தவரை லிட்டர் என்பது அளவே அல்ல; குடம்தான் அளவு. குடத்துக்கு ஒரு முகமும் ஒரு வரிசையும் ஒரு காத்திருப்பும் உண்டு.

நகரங்களில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவின் குடிநீர்த் திட்ட நெறிமுறை. ஆக, 40 மீன் வைத்த தொட்டி என்பது வாரத்தில் இரண்டரை நாள் எங்கள் வீட்டில் தங்கும் ஒரு விருந்தாளி. வறட்சியிலும் அவர் வருவார். வராதே என்று அவரிடம் சொல்ல முடியாது.

*

நோட்டின் கடைசிப் பக்கங்கள் அந்த இரவுக்குப் பிறகு எழுதப்பட்டவை. முதலில் மீன்களின் எண்ணிக்கையில் கைவைத்தேன். 40ஐ 18 ஆக்கினேன். உணவு 4 கிராம். வாரம் 150 லிட்டர் மாற்றினால் நைட்ரேட் 40க்குள் நின்றுவிடுகிறது. ஆனால் கூட்டம் குறைந்தால் சண்டை கூடும். ஆகவே சண்டைக்காரர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். எலக்ட்ரிக் யெல்லோ 12, பீக்காக் 6. இரண்டும் மலாவியின் சாதுக்கள். எலக்ட்ரிக் யெல்லோ உலகெங்கும் வீடுகளில் வளர்கிறது. ஏரியிலோ அந்த மஞ்சள் நிறம் மேற்குக் கரையின் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே உரியது. மற்ற இடங்களில் அதே மீன் வெளிறித்தான் இருக்கும். நீலமும் ஊதாவுமாகக் கண்ணைப் பறிக்கும் முபுனாக்களை விட்டுக்கொடுப்பதில் வருத்தம் உண்டு. ஆனால் 18 மீனின் அழகுக்கும் 40 மீனின் அழகுக்கும் இடையே வாரத்துக்கு 200 லிட்டர் இருக்கிறது.

அடுத்தது, வெளியேறும் நீரின் வழி. கீழே அம்மாவின் இரண்டு வாழையும் கறிவேப்பிலையும் முருங்கையும் இருக்கின்றன. வாரம் முழுதுமாக அவற்றுக்கு ஊற்றும் நீரை ஒரு வாரம் அளந்தேன். பன்னிரண்டு வாளி, 180 லிட்டர். அதே கிணற்று நீர்தான். தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாயைச் சன்னல் வழியே கீழே விட்டால், மோட்டாரே இல்லாமல் நீர் வாழையடிக்கு இறங்கும். மீனுக்குக் கழிவான நைட்ரேட் வாழைக்கு உரம். எப்படியும் செடிக்குப் போகவேண்டிய நீர், போகும் வழியில் ஒரு வாரம் மாடியில் தங்கிவிட்டுப் போகிறது. சம்ப்பின் ஓரத்தில் மணி பிளாண்டின் வேர்களை நீரில் தொங்கவிட்டால் அதுவும் தன் பங்குக்கு நைட்ரேட்டைக் குடிக்கும். மழைக்காலத்தில் செடிக்கு நீர் வேண்டியதில்லை. அப்போது மாடியில் விழும் மழையே தொட்டிக்குப் போதும். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை என்பது 900 லிட்டருக்கு மேல்.

மூன்றாவது, வறட்சி. 2019 திரும்பி வராது என்று நம்பித் திட்டமிட முடியாது. வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பக்கம். உணவைப் பாதியாகக் குறைப்பது. வளர்ந்த சிக்லிட் ஒரு வாரம் உணவில்லாமலும் தாங்கும். நீர் மாற்றுவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குவது. லாரியில் வந்த நீர் தொட்டிக்குப் போகாது. கிணறு வற்றினால் மீன்கள் கொளத்தூர் பெரியவரின் சிமெண்டுத் தொட்டிக்குப் போகும். அதற்கு அவர் இப்போதே சம்மதித்திருக்கிறார். “மீன் உங்களுதுதான் சார், மழை வந்ததும் வந்து எடுத்துக்கோங்க” என்றார். எலக்ட்ரிக் யெல்லோ எட்டுப் பத்தாண்டுகள் வாழக்கூடியது. அந்தக் காலத்துக்குள் ஒரு வறண்ட கோடையாவது வரும்.

மலாவி ஏரிக்கும் இது நேர்ந்திருக்கிறது. அந்தப் பெருநீரிலிருந்து வெளியேறும் ஆறு ஷீரே ஒன்றுதான். 1915 முதல் சுமார் இருபது ஆண்டுகள் ஏரியின் மட்டம் தாழ்ந்து, ஷீரேயில் நீர் இறங்குவதே நின்றுபோனது. மீன்கள் இருந்த நீருக்குள் இருந்தன. இப்போதும் ஏரியின் 700 மீட்டர் ஆழத்தில் மேலே உள்ள 250 மீட்டர்போலத்தான் ஆக்ஸிஜன் உண்டு. அதற்குக் கீழே மீன் இல்லை. வெளியிலிருந்து எல்லையற்றதாகத் தெரியும் ஏரியும் உள்ளே கணக்கோடுதான் வாழ்கிறது.

கண்ணாடிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. தொட்டி வந்ததும் முதல் ஆறு வாரங்கள் அதில் மீன் இருக்காது. நீரை ஓடவிட்டு, அளந்து அளந்து அம்மோனியம் குளோரைடு இட்டு, கண்ணுக்குத் தெரியாத குடிகள் ஸ்பாஞ்சில் வந்து குடியேறும்வரை காத்திருக்கவேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யம் காட்டினால் வீடு தயார் என்று பொருள். அம்மாவிடம் இதை விளக்கினேன். மீனில்லாத தொட்டியை ஒன்றரை மாதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“அந்த ஆறு வாரத் தண்ணியும் வாழைக்கு ஆகுமா?”

ஆகும் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.